போணி ஆகாத ஓட்டு

ஜூலை 8, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இனி நடக்கப்போவது அத்தனையும் எனக்கு முன்னாலேயே தெரியும். தேதி கிழமை மட்டும்தான் தெரியாது. அதைக் குறித்து வைக்கத்தான் இந்த டைரி. அத்தர் கடை சிந்தா மதார் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. அட்டையில் அவர் கடைப் பெயர் என் கடை போர்டைவிடப் பெரிதாக இருக்கிறது. போகட்டும்.

விஷயம் இதுதான். எங்கள் கோட்டைப்புதூர் பஜாருக்கு ‘கடைவீதி மேம்பாட்டு ஆணையம்’ என்று ஒன்று வரப்போகிறதாம். நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்று கடைக்காரர்களே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் கடைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட வேண்டும். அதே அளவு நகராட்சியும் போடும். அந்தப் பணத்தில் சாக்கடை சீராகும், விளக்கு எரியும், வண்டி நிறுத்த இடம் வரும், பெண்களுக்குக் கழிப்பறை வரும்.

நான் இதைப் போன சித்திரையிலேயே சொன்னேன். “ஏதோ ஒண்ணு வரப்போகுதுவே” என்றுதான் சொன்னேன். வந்ததா இல்லையா?

என்னைத் தெரியாத சந்ததிக்காக: ஆவுடையப்பன். ஆவுடை ஸ்டோர்ஸ். பூட்டு, டார்ச், செல்போன் கவர். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியில் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று ஹெட்மாஸ்டரே கையை விரித்துவிட்டார்.

ஜூலை 10, புதன்

நகராட்சி ஆபீசில் வரைபடம் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். வரைபடம் படிப்பதில் நான் புலி. ஒருமுறை ரயில்வே இன்ஜினியரே வழி கேட்டிருக்கிறார்.

சாக்கடை நெடுக ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்குள் இருப்பதெல்லாம் எடுக்கப்படுமாம். அதில் ஒரே ஒரு கடைதான் முழுசாக மாட்டுகிறது. மற்றவர்களுக்குப் படிக்கட்டோ தகரமோதான் போகும். அந்த ஒரு கடைக்கு லைசன்ஸ் இருக்கிறது, தரைவாடகை ரசீது இருக்கிறது, தரைதான் இல்லை. சாக்கடை மேல் போட்ட கல்லில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறது. யார் கடை என்று எழுத வேண்டியதில்லை.

கொள்கை அடிப்படையில் ஆணையத்தை எதிர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். கொள்கைக்கும் சிவப்புக் கோட்டுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஜூலை 12, வெள்ளி

எதிர்ப்புக் கூட்டம். வியாபாரிகள் சங்கத் தலைவர் பலவேசம் அண்ணாச்சியின் ‘பவளம் டெக்ஸ்டைல்ஸ்’ மாடியில். பஜாரிலேயே பெரிய கடை அதுதான். என் அக்கா மகள் செண்பகா அங்கேதான் சேல்ஸில் நிற்கிறாள். ஊரிலிருந்து வந்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள்.

நான் பேசினேன். இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்னையே எதிர்ப்புக் குழுச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 13, சனி

நேற்று எழுதிய ‘இருநூறு’ என்பதை யாரோ பென்சிலால் அடித்துவிட்டுப் ‘பன்னிரண்டு’ என்று திருத்தியிருக்கிறார்கள். யாரோ என்றால், இந்த வீட்டில் பென்சில் வைத்திருப்பவள் என் மனைவி இசக்கியம்மாள் ஒருத்திதான். எழுதுகிறவன் வீட்டிலேயே தணிக்கை என்றால் நாடு எப்படி உருப்படும்?

ஜூலை 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் செண்பகா வீட்டில் பகலில் இருப்பாள். இட்லித் தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“மாமா, நீங்கதான் செயலாளராமே?”

“ஆமா. போட்டியே இல்லாம.”

“போட்டியே இல்லாமன்னா யாருமே வரலைன்னு அர்த்தம் மாமா.”

“ஏட்டி, மாமாகிட்ட இப்படியா பேசுவா?” என்றாள் இசக்கி. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“எங்க கடையில மட்டும் நாப்பது பொம்பளைப் பிள்ளைங்க மாமா. பஜார் முழுக்கப் பாத்தா எத்தனை? எங்களுக்கு ஓட்டு கிடையாது. கடை வச்சிருக்கவங்களுக்குத்தான் ஓட்டு. நீங்களாவது யோசிக்கலாம்ல?”

“யோசிச்சுத்தான் எதிர்க்கேன். விளக்கு கேட்டமா? வண்டி நிறுத்த இடம் கேட்டமா?”

“அதை யாரு இப்பக் கேட்டா?” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தள்ளுபடி. பஜாரில் கால் வைக்க இடமில்லை. நாலு செல்போன் கவர் விற்றது.

ஜூலை 20, சனி

நாலு நாளாகக் கடை கடையாகப் பிரசாரம். என் கோஷம்: ‘ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்காதே!’ ஊரே பற்றிக்கொண்டது. பாத்திரக்கடை லாசரஸ், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அவர்கூட “ஆமா வே, ஆடி ஆகாது” என்றார்.

நகராட்சி கமிஷனரம்மா சென்னைக்காரி, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவங்க காதுக்கும் போயிருக்கிறது. மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒரு வரி: ‘ஓட்டு ஆடியில், ஆணையம் ஆவணியில்.’ கெட்டிக்காரம்மாதான். என்னோடு மோதுகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

சிந்தா மதார் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

“நீ ஏன் மாப்பிள்ளை இப்படித் தொண்டை கிழியக் கத்துதே?” என்றார்.

“கொள்கை.”

“கொள்கை எத்தனை அடி அகலம்? அஞ்சு இருக்குமா?”

என் கடையின் அகலம் ஐந்தடி. இந்த மனுஷனுக்கு அத்தர் மட்டும் விற்கத் தெரிந்தால் போதாதா?

ஜூலை 23, செவ்வாய்

செண்பகாவுக்குச் சின்னதாகக் காய்ச்சல். சாயங்காலம் கடையிலேயே குளிர் எடுத்து உட்கார்ந்துவிட்டாளாம். கூட நிற்கிற பிள்ளைகள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு எனக்கு போன் போட்டார்கள். நான் பதறவே இல்லை. பூட்டுக்கடைக்காரன் தன் கடையைப் பூட்டாமல் போனான் என்று பிற்பாடு மதார் சொன்னது பொய், சாத்திவிட்டுத்தான் போனேன்.

டாக்டரம்மா சிறுநீரகத்தில் கிருமி என்றார்கள். அடிக்கடி வருகிறதா என்று செண்பகாவைக் கேட்டார்கள். இது மூன்றாவது தடவை என்றாள். முந்தைய இரண்டும் எனக்குத் தெரியாது. இசக்கிக்குத் தெரிந்திருக்கிறது.

“தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா நீ?” என்று டாக்டரம்மா அதட்டினார்கள்.

“குடிச்சா போகணுமே டாக்டர்” என்றாள்.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அவ்வளவு பெரிய கடையில ஒரு பாத்ரூம் இல்லாமலா இருக்கும்?”

“இருக்கு மாமா. மூணாவது மாடியில. அது முதலாளி வீட்டு ஆளுங்களுக்கு. பூட்டியிருக்கும்.”

“சாவி கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டா, கஸ்டமர் நிக்கிறப்போ என்ன அவசரம்னு கேஷியர் கேப்பாரு, எல்லார் முன்னாலயும். அதனால யாரும் கேக்கிறதில்ல.” கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பூட்டு உங்க கடையில வாங்கினது மாமா. நீங்கதான் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போனீங்க.”

நல்ல பூட்டு அது. ஏழு லீவர். எவனாலும் உடைக்க முடியாது.

ஜூலை 24, புதன்

கடை திறக்கவில்லை. தலைவலி. எனக்கு.

ஜூலை 26, வெள்ளி

எதிரி தரப்பின் வாதத்தைத் தெரிந்துகொள்வதற்காகப் பஜாரில் ஓர் ஆய்வு நடத்தினேன். பெரிய பெரிய காலேஜில் இதற்கு டாக்டர் பட்டமே கொடுக்கிறார்கள்.

பூக்கட்டும் பேச்சியிடம் கேட்டேன். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன், அதுவும் யாராச்சும் கடையைப் பாத்துக்கிட்டா. நீரு என்னவே திடீர்னு இதெல்லாம் கேக்கீரு, உடம்பு சரியில்லையா?” என்றாள். ஃபேன்சி கடைப் பிள்ளைகள் பதில் சொல்லாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் நேராகச் சொன்னாள்: “காலைல வீட்டுல இருந்து கிளம்பறதோட சரி அண்ணாச்சி.”

ஆய்வு முடிவு: எதிரி தரப்பு வாதத்தில் கொஞ்சம் பலம் இருக்கிறது. நான் அசரவில்லை.

செண்பகா நாளைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். மூன்று நாள் சம்பளம் பிடித்தாயிற்றாம்.

ஜூலை 28, ஞாயிறு

நாளைக்கு ஓட்டு. அண்ணாச்சி கூப்பிட்டு விட்டார். ஆள் சந்தோஷமாக இருந்தார்.

“விஷயம் தெரியுமாவே? பாதிக் கடைக்கு மேல ஓட்டுப் போட்டாத்தான் செல்லுமாம். இல்லேன்னா எல்லாம் ரத்து. அந்த அம்மா காலைல எட்டு மணிக்கு வச்சிருக்கு. நூறு ரூவா பதிவுக் கட்டணம் வேற.”

“எட்டுக்கா!” என்றேன்.

“எட்டுக்கு.” இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பஜாரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 29, திங்கள்

இன்று நடந்ததை ஒரு எழுத்துகூடக் கூட்டாமல் எழுதுகிறேன்.

நகராட்சி ஹாலில் உட்கார இடமில்லை. வராவிட்டால் மற்றவன் என்ன பேசுகிறான் என்று தெரியாமல் போய்விடுமே, அதற்காகவே எல்லோரும் வந்திருந்தார்கள். மேஜையில் ஓட்டுப்பெட்டி. கமிஷனரம்மா எழுந்து, “கடை திறக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டா உங்க வியாபாரம் கெடாது, அதான் எட்டு மணிக்கு வெச்சோம். நூறு ரூபாய் கட்டி சீட்டு வாங்கி, ‘சம்மதம்’ இல்ல ‘இல்லை’ன்னு டிக் பண்ணிப் போடுங்க. வாங்க” என்றார்கள்.

ஒருத்தரும் அசையவில்லை. ஆளுக்கு ஒரு ஃபேனைப் பார்த்தார்கள்.

“என்ன சார், யாராவது ஆரம்பிங்க.”

லாசரஸ்தான் தொண்டையைச் செருமினார். “போணி ஆகலையேம்மா.”

“அப்படின்னா?”

“இன்னிக்கு முதல் வியாபாரம் நடக்கல. அதுக்கு முன்னால கையை விட்டுக் காசு போகக் கூடாது. போனா அன்னிக்குப் பூரா போய்க்கிட்டே இருக்கும்.”

“சரி, காசு அப்புறம் கட்டுங்க. இப்ப டிக் மட்டும் போடுங்க.”

“சம்மதம்னு போட்டாலும் காசு குடுக்கிறதுக்குத்தானேம்மா சம்மதம்? அது எப்படி போணிக்கு முன்னால?”

“அப்போ இல்லைன்னு போடுங்களேன்!”

ஹாலே பதறிவிட்டது. “காலங்காத்தால அந்த வார்த்தையவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “கடையில சரக்கு தீந்துபோனாகூட, நாளைக்கு வரும்னுதான் சொல்லுவோம். அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம்!”

கமிஷனரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். “தரவும் மாட்டீங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டீங்க. என்னதான் செய்வீங்க?”

“போணி ஆனதும் வர்றோம்மா.”

“பத்து மணிக்குப் பெட்டியை மூடணும். அது ரூல்.”

அண்ணாச்சி என் காதில், “ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை விட்டுட்டு எவன்வே திரும்பி வருவான்? முடிஞ்சுது கதை” என்றார். ஆட்கள் செருப்புத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு ஓட்டுகூட விழாமல் எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது.

வாசலில் செண்பகாவும் நாலைந்து பிள்ளைகளும் நின்றார்கள். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வந்தவர்கள். முகம் இன்னும் தெளியவில்லை அவளுக்கு. கையில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. ஒரு மடக்குக்கூடக் குறையவில்லை.

அப்போது நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்றால், கால் மரத்துப்போயிருந்தது. எழுந்தது எழுந்தாயிற்று, சும்மா நிற்பானேன் என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பிளுக்கு வந்த குட்டி டார்ச் ஒன்று இருந்தது. நேராக மேஜைக்குப் போனேன்.

“அம்மா, உங்களுக்குக் கடை கிடையாது. அதனால போணியும் கிடையாது. இந்த டார்ச்சை வாங்குங்க.”

“எதுக்கு?”

“வாங்குங்கம்மா, சொல்லுதேன்.”

அம்மா நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்கள். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். “ஆவுடை ஸ்டோர்ஸ் போணி ஆச்சு!” என்று கத்தினேன். இனி நான் யாருக்கும் காசு கொடுக்கலாம் அல்லவா? “மதார் மாப்பிள்ளை, ஒரு அத்தர் குடும்!”

மதார் ஒரு நொடி என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு ஜிப்பாப் பைக்குள் கைவிட்டுக் குப்பி ஒன்றை எடுத்தார். நோட்டு கை மாறியது. அவர் போணி ஆனதும் திரும்பி, “லாசரஸ் அண்ணே, ஒரு டம்ளர்!” என்றார். லாசரஸ் குடித்துக்கொண்டிருந்த டம்ளரையே உதறிக் கொடுத்தார். அந்த ஒற்றை நோட்டு வரிசை வரிசையாக ஓடியது. தேங்காய், கொசுவர்த்தி, ரிப்பன், ஊறுகாய்ப் பொட்டலம் என்று ஓடிப்போய்க் கொண்டுவந்து விற்றார்கள். ஸ்டேஷனரிக்காரர் தன் காதில் செருகியிருந்த பேனாவை விற்றுவிட்டு, ஓட்டுப்போடப் பேனா இல்லாமல் திரும்ப விலை பேசினார். கமிஷனரம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போணி ஆனவர்கள் பெட்டிக்கு முன்னால் வரிசை கட்டினார்கள்.

பலவேசம் அண்ணாச்சி மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போது செண்பகா உள்ளே வந்தாள்.

“முதலாளி, தோள்ல கிடக்கிற துண்டு என்ன விலை?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கிராக்கியைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் அதோடு சரி. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, “கேட்ட விலைக்கு எடுத்துக்கம்மா” என்றார். பத்து ரூபாய்க்கு வாங்கினாள். லேபிள்கூடக் கிழியாத துண்டு.

முடிவு: ‘சம்மதம்’ ஜெயித்தது. மூன்றே ஓட்டு வித்தியாசம். நான் எதில் டிக் போட்டேன் என்று எழுத மாட்டேன். ரகசிய வாக்கெடுப்பு என்றால் ரகசியம்தான்.

வெளியே வரும்போது அண்ணாச்சி பிடித்துக்கொண்டார். “வே ஆவுட, ஜெயிச்சு வீட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தோம். நீரு எதுக்குவே எந்திரிச்சீரு?”

“எனக்குப் போணி ஆகலையே அண்ணாச்சி” என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

இசக்கி காலையிலிருந்து ஒரே கேள்வி. “கடை போயிடுமே, அடுத்து என்ன?” நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “எதைப் பாத்துக்குவீங்க?” என்றாள். பதில் சொல்வதற்குள் கரண்டு போய்விட்டது. பகல்தான், இருந்தாலும் பேச்சு அதோடு நின்றது.

ஆகஸ்ட் 1, வியாழன்

முக்கியமான நாள். கமிஷனரம்மா என்னைத் தனியாக அழைத்து, தன் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, ஏலக்காய் டீ வரவழைத்தார்கள். பக்கத்தில் முந்திரி பிஸ்கட். “சார், உங்களை மாதிரி ஆள் இந்த ஊருக்குத் தேவை. புது காம்ப்ளெக்சில் மூலைக்கடை உங்களுக்குத்தான். இரும்பு ஷட்டர், டைல்ஸ் தரை. நான் வாக்குக் கொடுக்கிறேன்” என்றார்கள். “பெருந்தன்மை” என்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேற்று எழுதியதில் பென்சில் திருத்தம் ஒன்றுமில்லை. இசக்கி ராத்திரி சேமியாப் பாயசம் வைத்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி. கல்லைப் பெயர்த்தார்கள். சரக்கு முழுவதும் ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிட்டது. நான் நாலு லாரி பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். மதார் தன் கடை வாசலில் ஒரு பலகை அகலம் ஒதுக்கியிருக்கிறார். ‘வாடகை என்ன’ என்று கேட்டதற்கு, “அத்தர் வாங்க வர்றவனுக்கும் பூட்டு விப்பியே, அந்தத் தொல்லைக்கு நீதான் எனக்குக் காசு தரணும்” என்றார்.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் கழிப்பறைக்கு அளவு போட்டுச் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டார்கள். செண்பகா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, கோட்டுக்குள் நின்று பார்த்துவிட்டு, “இங்கதான் மாமா கதவு” என்று காட்டினாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இசக்கி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பென்சிலைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் படி.

நீ உன் தம்பியிடம் புதுக்கடைக்கு மாட்ட சாமி படம் சொல்லியிருக்கிறாய். சீட்டுப் போடுகிற அக்காவிடம் மூலைக்கடை என்று இரண்டு முறை சொன்னாய். நான் உள்ளே இருந்து கேட்டேன். நாளைக் காலையில் பழத்தட்டு எடுத்துக்கொண்டு கமிஷனரம்மாவைப் பார்த்து நன்றி சொல்லப்போவதாகச் செண்பகாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாய். ஆப்பிள்கூட வாங்கி வைத்துவிட்டாய்.

போக வேண்டாம். அந்த அம்மாவுக்கு என்னை டார்ச் விற்ற ஆள் என்று மட்டும்தான் தெரியும். முதல் தேதி அன்று நான் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தேன். ஏலக்காய் கிடையாது, பிஸ்கட் கிடையாது. இந்த டைரியில் மற்றது எல்லாம் ஏறத்தாழ நடந்ததுதான். மூலைக்கடை ஒன்று மட்டும் நானாகக் கட்டியது.